மஸ்ஜிது ளிரார் தரும் பாடம்

பள்ளிவாசல் கட்டுவது பெரும் நன்மை. ஆயினும், ரசூலுல்லாஹி (ஸல்) அவர்களின் உத்தரவின் பேரிலேயே இடித்து எரிக்கப்பட்ட பள்ளி ஒன்றும் நம் சரித்திரத்தில் உண்டு. அதுவே மஸ்ஜிது ளிரார். ‘ளிரார்’ என்றால் தீங்கிழைத்தல் என்று பொருள்.

மதீனாவின் அவ்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்த அபூ ஆமிர், துறவி எனப் பெயர் பெற்றிருந்தவன். நபியவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்த பின் பகைவனாகி, உஹதுப் போரில் குறைஷிகளின் பக்கம் நின்றான். அதே போரில் அவனுடைய மகன் ஹன்ளலா (ரலி) முஸ்லிம்களின் அணியில் நின்று ஷஹீதானார்கள்! பின்னர் அவன் ரோமரின் உதவியை நாடி ஷாமுக்குச் சென்றான். அவனுக்குத் தங்குமிடமாகவும், தங்கள் சதிக்குக் கூடுமிடமாகவும் முனாஃபிக்குகள் 12 பேர் குபாப் பள்ளியின் அருகில் புதுப்பள்ளி ஒன்றை எழுப்பினர்.

ஹிஜ்ரி 9ல் (கி.பி. 630) நபியவர்கள் தபூக்குக்குப் புறப்படும் வேளையில் அவர்கள் வந்து, “நோயாளிகளுக்காகவும் மழை, குளிர் இரவுகளுக்காகவும் கட்டினோம், தாங்கள் வந்து தொழவைக்க வேண்டும்” என்று வேண்டினர். பயணத்தில் இருப்பதாகக் கூறி நபியவர்கள் அதை ஒத்திவைத்தார்கள். திரும்பும் வழியில், மதீனாவுக்கு அண்மையிலுள்ள தூஅவானில் தங்கியிருந்தபோது உண்மை வெளியாயிற்று. தவ்பா அத்தியாயத்தின் 107 முதல் 110 வரையுள்ள வசனங்கள் இதைப் பற்றியவையே. தீங்கு, குஃப்ர், முஃமின்களைப் பிரித்தல், பகைவனுக்குப் பதுங்குமிடம் என நான்கு நோக்கங்களை அவை அம்பலப்படுத்தின. நபியவர்கள் மாலிக் இப்னு துக்ஷும் (ரலி) முதலியோரை அனுப்பினார்கள், பள்ளி தரைமட்டமாயிற்று.

சகோதரர்களே! சுவரும் மிஹ்ராபும் மட்டும் பள்ளியாகிவிடாது. தக்வாவே அதன் அஸ்திவாரம். முத்தவல்லியிடம் மனத்தாங்கல், தேர்தலில் தோல்வி, இதற்காக ஒரே மஹல்லாவில் எதிர்ப்பள்ளி எழுப்புவோர் இவ்வசனங்களுக்கு அஞ்ச வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் தறியில் அமர்ந்தவரைக் கேளுங்கள். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்வாரேயன்றிப் பாவையே வெட்டி எறியமாட்டார்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். ஊர் பெருகி, இடம் போதாமல் இரண்டாம் பள்ளி கட்டுவது குற்றமன்று. பிறர் பள்ளியை ‘ளிரார்’ என்று ஏசுவதும் இடிக்கத் துணிவதும் நமக்கு உரிமையன்று. அன்று உள்ளத்தை வெளிப்படுத்தியது வஹீ; இன்று வஹீ இல்லை. நம் நிய்யத்தையே நாம் சோதிப்போம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.