மான் மேய்ச்சலிலிருந்து மானாவாரிப் பயிரைக் காக்கும் வேலிகள்

பெரம்பலூர் மாவட்டக் கரிசல் நிலங்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கப்படுகின்றன. இருபதாம் நாள் பயிர் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் காட்டை ஒட்டிய பத்து சால் மொட்டையாக நிற்கும். பச்சைமலை அடிவாரத்திலும், வெண்பாவூர், சித்தளி போன்ற காடுகளை ஒட்டியும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. அரியலூர்ப் பக்கம் முந்திரிக் காடுகளும் தைலமரத் தோப்புகளும் மான்களுக்குப் பகலில் மறைவிடம் தருகின்றன.

முதலில் மேய்ந்தது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முயல் கத்தரித்தாற்போல் சாய்வாக வெட்டியிருக்கும். பன்றி வேரோடு கிளறியிருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் தண்டு பிய்ந்து, நாராகத் தொங்கும். வெள்ளாடும் அப்படித்தான் மேயும்; எனவே தடத்தையும் பார்க்கவும். மானின் குளம்படி முன்புறம் கூராக இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரரின் ஆடு செய்த வேலைக்கு மான் பழி சுமப்பதும் உண்டு!

மேய்ந்துவிட்டதே என்று உடனே உழுதுவிட வேண்டாம். மக்காச்சோளத்தில் ஐந்து, ஆறு இலை வரும்வரை வளரும் குருத்து மண்ணுக்குள்தான் இருக்கும். ஐந்தாறு நாள் பொறுத்தால் நடுக்குருத்து மேலே வருவது தெரியும். பருத்தியில் விதையிலைக்கு மேலே கடித்திருந்தால் பக்கக்கிளை வெடிக்கும். விதையிலைக்குக் கீழே துண்டாகியிருந்தால் அந்தச் செடி பிழைக்காது. ஈரம் இருக்கும்போதே இடைவெளியை நிரப்பி விதைக்க வேண்டும்.

இனி வேலி. நான்கடி முள்கம்பி வேலி மானைத் தடுக்காது. புள்ளிமான் அதை எளிதில் தாண்டும். ஆனால் தாண்டுவதைவிட, கீழே நுழைய இடம் இருக்கிறதா என்றுதான் அது முதலில் பார்க்கும். ஆகவே அடிக்கம்பிக்கும் தரைக்கும் இடைவெளி அரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. வாய்க்கால் குறுக்கிடும் பள்ளத்தில் முள்ளை அடைத்தோ, தனியாகக் கம்பி வலை தொங்கவிட்டோ மூட வேண்டும். முழுப் பாதுகாப்புக்கு எட்டடி உயரக் கம்பி வலை தேவை. படலும் அதே உயரம் இருப்பது அவசியம். வேலி எட்டடி, படல் நான்கடி என்று போட்டால் போட்ட பணம் வீண்.

எட்டடி வலைக்கு வசதியில்லாதவர்கள் இரட்டை வேலி போடலாம். பழைய நான்கடி வேலி இருக்கட்டும். அதற்கு நான்கடி உட்புறம் அதே உயரத்தில் இரண்டாவது வேலி கட்டவும். தாண்டினால் கால் ஊன்ற இடம் போதாது என்று மான் தயங்கும். சதுரமான ஒரு ஏக்கரில் இதற்குச் சுமார் ஏழரை சென்ட் நிலம் போகும். அந்த இடத்தை நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்கும் வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 84 கால் வேண்டும். நாலு பேர் தனித்தனியாக வேலி போட்டால் 3,340 அடி ஆகும். அந்த நான்கு ஏக்கரும் ஒரே சதுரமாக அமைந்தால் 1,670 அடியே போதும், சரிபாதி. நூறடி அகலத்தில் நீளவாக்கில் கிடக்கும் ஏக்கருக்கோ 1,070 அடிக்கு மேல் வரும். அத்தகைய துண்டு நிலக்காரர்களுக்குக் கூட்டு வேலிதான் கட்டுப்படியாகும். வரப்புத் தகராறு இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட காலத்துக்குக் கிளுவை வேலி நல்லது. மழைக்காலத்தில் போத்துகளை நெருக்கமாக நட்டு, இடையில் மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டிவர வேண்டும். அடர்ந்து வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சேலை கட்டிச் சமாளிப்பவர்கள் அதை வாரம் ஒருமுறை இடம் மாற்றிக் கட்டவும். ஒரே இடத்தில் ஆடும் சேலைக்கு மான் சீக்கிரம் பழகிவிடும். பழைய மீன்வலையைக் கட்ட வேண்டாம். கொம்பு சிக்கி மான் செத்தால் வழக்கு வரும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடுவது குறித்துத் தமிழக அரசு 2025இல் எடுத்த முடிவு மானுக்குப் பொருந்தாது.

வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த வீட்டு ஆளே கம்பியில் விழுந்த குடும்பங்களும் உண்டு. சூரிய மின்வேலி வேறு வகை. பேட்டரியில் இயங்கும் கருவி சுமார் ஒரு விநாடிக்கு ஒருமுறை, கண நேரம் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கும். ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஆனால் கம்பியில் களை உரசினால் மின்சாரம் கசிந்துவிடும். நிலத்தொடர்புக் கம்பியைச் சுற்றி மண் காய்ந்தாலும் வேலை செய்யாது. கோடையில் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவும். மின்வேலிகளைப் பதிவு செய்யத் தமிழக அரசு 2023இல் விதிகள் வகுத்துள்ளது. எனவே போடுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

காட்டோரத்தில் திறந்த கிணறு வைத்திருப்பவர்கள் கைப்பிடிச் சுவரையும் கவனிக்க வேண்டும். கோடையில் தண்ணீர் தேடி வரும் மான், நாய் துரத்தினால் வேலியோரமாக ஓடித் தரைமட்டக் கிணற்றில் விழுகிறது. விழுந்தால் உள்ளே இறங்க வேண்டாம்; தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் உடனே தகவல் சொல்லி, அவர்கள் வரும்வரை நாய்களையும் கூட்டத்தையும் விலக்கி வையுங்கள்.