வெறும் பரல் வெறுமையானதல்ல

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் தண்ணீர் சேமிக்க ஒரு பரல் கிடைத்தால் அது பெரிய உதவி. ஆனால் மலிவாகக் கிடைக்கும் பழைய பரலிலும் கானிலும் முன்பு என்ன இருந்தது? கழுவினால் போதுமா? இப்பாடத்தில் இதைப் பார்ப்போம்.

மருந்துக் கான்கள்

பூச்சிநாசினி, களைநாசினி வந்த பிளாஸ்டிக் கானின் சுவர் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். சவர்க்காரமும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் அது முற்றாகப் போகாது. பின்பு ஊற்றும் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கசியும். மணம் இல்லாவிட்டால் நஞ்சும் இல்லை என்று எண்ணக்கூடாது. எண்டோசல்பன் இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பழைய கொட்டில்களில் அதன் கான்கள் கிடக்கலாம். இவை குடிநீருக்கோ பாலுக்கோ விதைநெல்லுக்கோ, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவோ ஆகா.

மருந்து முடிந்தவுடன் நாம் செய்யவேண்டியவை:

1. கையுறை அணிந்து, கானில் காற்பங்கு தண்ணீர் விட்டு மூடிக் குலுக்குவோம். அத்தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றுவோம். இப்படி 3 முறை செய்தால் மருந்தும் வீணாகாது.
2. கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக்கூடாது.
3. கழுவிய கானை ஆணியால் குத்தி ஓட்டையாக்குவோம். பிறகு எவரும் அதில் தண்ணீர் எடுக்கமாட்டார்கள்.
4. எரிக்கக்கூடாது, புகையும் நஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிவைத்து, அகற்றும் முறையை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்போம்.

எரிபொருள் பரல்கள்

200 லீற்றர் பெற்றோல் பரலைத் தொட்டியாக்க வெட்டுவோர் உண்டு. நிறைந்த பரலைவிட வெறும் பரலே ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவி காற்றுடன் கலந்து நிற்பதே காரணம். உளியும் சுத்தியலும் எழுப்பும் ஒரு பொறியே அதை வெடிக்கச் செய்யலாம். மூடியைத் திறந்து வெயிலில் வைத்தாலும் ஆவி முழுதும் நீங்காது. ஆகவே இப்பரல்களை வீட்டில் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம்.

வாங்குமுன்

உணவுப்பொருள் வந்த பரல் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் தண்ணீருக்கு வாங்குங்கள். சீட்டுக் கிழிக்கப்பட்டிருந்தால், விற்பவருக்கும் விபரம் தெரியாவிட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

நஞ்சு பட்டால்

உடையைக் களைந்து, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். நஞ்சை விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். கானைச் சீட்டுடன் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. எமது வீட்டில் தண்ணீர் வைத்திருக்கும் பரல், கான் ஒவ்வொன்றிலும் முன்பு என்ன இருந்தது?
2. ஓட்டையாக்கிய மருந்துக் கான்களை ஊரில் ஓரிடத்தில் சேர்த்துப் பூட்டிவைக்க யார் பொறுப்பேற்கலாம்?