வேற்று அச்சில் வார்த்த படை

வார்ஹாமர் 40,000 விளையாட்டுக்கு, முதல் உலகப் போரின் பதுங்குகுழி வீரர்களைப் போன்ற ஒரு படையைப் பிற நிறுவனங்களின் ரெசின் உருவங்களைக் கொண்டு அமைக்கலாமா?

தாராளமாக அமைக்கலாம். 1987-இல் இவ்விளையாட்டை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப், தான் நடத்தும் போட்டிகளில் தன் உருவங்களை மட்டுமே ஏற்கிறது என்றாலும், நண்பர்களுடன் ஆடும் மேசைக்கு அத்தடை இல்லை. வாங்குமுன் கவனிக்க வேண்டியது உருவங்களின் உடலமைப்பு: இவ்விளையாட்டின் வீரர்கள் தலையும் கைகளும் சற்றுப் பெருத்து வார்க்கப்படுவதால், இயல்பான விகிதத்தில் அமைந்த வரலாற்று உருவங்கள் அவர்களருகே மெலிந்து தோன்றும், ஆகவே காலாட்படை முழுவதையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவதே சிறந்தது. தூரம் உருவத்தின் அடித்தட்டிலிருந்து அளக்கப்படுவதால், அத்தட்டு அதிகாரபூர்வ அளவில், அதாவது சாதாரணக் காலாள் வீரருக்கு 25 மி.மீ. விட்டத்தில், இருத்தல் வேண்டும். ஆயுதங்களும் எதிராளி பார்த்தவுடன் அடையாளம் காணும்படி அமைய வேண்டும்.

வார்ப்பச்சிலிருந்து எளிதில் பிரியப் பூசப்படும் எண்ணெய்ப்பசை ரெசினில் தங்கினால் வண்ணம் ஒட்டாது என்பதால், உருவங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் பசை ரெசினில் பயன்படாது. சயனோஅக்ரிலேட் எனப்படும் உடனடிப் பசையே பிடிக்கும். வளைந்த துப்பாக்கிக் குழலைச் சுடுநீரில் அமிழ்த்தி நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் இட்டால் அவ்வடிவம் நிலைக்கும். ரெசின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசம் அணிந்து, ஈரமாகவே தேய்க்க வேண்டும்.