மாடியில் வாஷிங் மெஷின், கீழே ஓதம்: மழை மேல் பழி போடும் முன் இதைப் பாருங்க

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அதற்குப் பிறகு விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த வீட்டு சீலிங்கில் ஓதம் தெரிந்தாலும், "ஃபெஞ்சல் மழையில இறங்கின தண்ணி" என்று சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் அது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலிலும் கறை காயவில்லை என்றால்? மாடியில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்க.

எங்கள் திண்டிவனம் வீட்டிலும் இதே கதைதான். மேலே ஒரு ரூம், அதை ஒட்டி மெஷின், மீதி மொட்டை மாடி. கீழே ஹால் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. மழைதான் காரணம் என்று நினைத்து மொட்டை மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தோம். செலவுதான் மிச்சம். கடைசியில் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தினமும் போனில் ஒரு படம் எடுத்து வந்தோம். ஞாயிறு துவைத்தால் திங்கள் அன்று ஈரம் கோட்டைத் தாண்டி நின்றது. பத்து பைசா செலவில்லாத சோதனை இது. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்!

மெஷினிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து எந்த வழியாக என்று பார்க்க வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் ஹோஸ்தான் அதிக ஆபத்து. மெஷின் ஓடாதபோதும், டேப் திறந்திருந்தால் அந்த ஹோஸில் தண்ணீரின் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஊருக்குப் போன நேரத்தில் ஹோஸ் கழன்று, நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டர் டேங்க் 100 நிமிடத்தில் காலி. ஒரு டன் தண்ணீர் உங்கள் தளத்தின் மேல்! அதனால் துவைத்து முடித்ததும் டேப்பை மூடுங்கள். வீட்டில் எல்லாரும் இதைப் பழக வேண்டும், அதுதான் கஷ்டம். ஹோஸ் உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, நட்டு பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வெளியே போகும் ஹோஸை நிறைய வீடுகளில் சும்மா ஓட்டையில் சொருகி வைத்திருப்பார்கள். மெஷின் தண்ணீரைத் தள்ளும் வேகத்தில் அது எகிறி வெளியே வந்துவிடும். கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் வடிகால் குழியில் நூலும் முடியும் சோப்புப் படிவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஜாலியைத் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் ஓதம் தொடர்ந்தால், சந்தேகம் தரையின் மேல். டைல்ஸ் போட்டிருக்கிறோமே என்று நினைக்காதீங்க. டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, அதைச் சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றியிருக்க வேண்டும். தரை வாட்டம் மீட்டருக்கு ஒரு செ.மீ. அளவாவது வடிகால் பக்கம் இருக்க வேண்டும். சோதிக்க, ட்ராப்பைத் துணியால் அடைத்து, இரண்டு செ.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழே பாருங்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிகிற பழைய தளமாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், நேராக ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். துருப்பிடிக்கும் கம்பி பருமனாகி, உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் துரு நிற்காது.

ஃபேன், லைட் இருக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தால் அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள். மெயின் பெட்டியில் எம்சிபியை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் வரும் வரை காத்திருங்கள். மெயின் பெட்டியே நனைந்திருந்தால் அதையும் தொட வேண்டாம். மின்னகம் எண் 94987 94987-க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மேலே குடித்தனக்காரர், கீழே வீட்டுக்காரர் என்றால் செலவு யாருடையது என்ற தகராறு வரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் இதைப் பிரித்தே சொல்கிறது. டேப், டேப் வாஷர் மாற்றுவதும் வடிகால் சுத்தம் செய்வதும் குடித்தனக்காரர் வேலை. குழாய் லைன் மாற்றுவதும் கட்டடப் பழுதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குடித்தனக்காரர் ஏற்படுத்திய சேதத்தால் வந்த பழுது என்றால் மட்டும் அது வீட்டுக்காரர் கணக்கில் வராது. பேசித் தீராவிட்டால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் போகலாம். உங்கள் வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பென்சில் கோட்டுடன் நாள்தோறும் எடுத்த படங்களை அழிக்காதீங்க. முதல் கறை தெரிந்த அன்றே அதில் ஒன்றை வீட்டுக்காரருக்கோ, மாடியில் இருப்பவருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும்.