வாசனைத் தேநீரைச் சுவைத்து மதிப்பிடுவோம்: நாவுக்கு ஒரு வீட்டுப் பாடம்

நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சீனியை நிறுத்தச் சொல்கிறீர்கள் டாக்டர். சீனி இல்லாத டீயும் வெந்நீரும் ஒன்றுதானே?" கேட்பவரின் குரலில் இருப்பது பிடிவாதம் அன்று, வருத்தம். வயலுக்குப் புறப்படுமுன் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தினர் வந்தால் இன்னொன்று எனப் பல ஆண்டுகள் பழகிய இன்பம் பறிபோகிறதே என்னும் வருத்தம் அது. "நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்த மாதம் அவர் அதே சீனியுடனும் அதே இரத்தச் சர்க்கரை அளவுடனும் திரும்பி வருவார்.

ஆகவே இவ்விதழில் வேறொரு வழியைக் கற்போம். இஞ்சி, ஏலக்காய், துளசி, எலுமிச்சைப்புல், மல்லிகை முதலிய மணங்கள் சேர்ந்த தேநீரை முறையாகச் சுவைக்கவும் மதிப்பிடவும் பழகினால், சீனியைக் குறைத்தும் தேநீரின் இன்பத்தைக் காத்துக்கொள்ளலாம். எந்த மணப்பொருள் யாருக்கு ஆகாது என்பதையும் இதனுடன் அறிந்துகொள்வது அவசியம்.

சுவை எங்கே பிறக்கிறது?

நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கினுடையது. நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே அறியும். ஏலக்காயையும் இஞ்சியையும் வேறுபடுத்திக் காட்டுவது, வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்கினுள் ஏறும் ஆவியே. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய்த் தேநீரை ஒரு மிடறு பருகி, பின்னர் விரலை எடுத்துப் பாருங்கள். விரலை எடுத்த கணத்தில் ஏலக்காய் வந்து நிற்கும்.

துவர்ப்பு நம் அறுசுவைகளுள் ஒன்று. தேயிலையிலுள்ள பாலிபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களோடு இணைவதால் வாய் உலர்ந்து சுருங்குவது போன்ற உணர்வு தோன்றுகிறது. பால் சேர்த்தால் பாலின் புரதங்கள் அப்பாலிபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்புத் தணிகிறது. சீனி கசப்பை மறைக்கிறது. நெடுநேரம் கொதித்துக் கசந்துபோன தேநீரைக் குடிக்கத்தக்கதாக்கவே நாம் பெரும்பாலும் சீனியை அள்ளிப் போடுகிறோம். தேநீரைச் சரியாக வடித்தால் மறைப்பதற்கு அதிகம் இராது. சீனியின் தேவையும் தானே குறையும்.

சுவைக்கும் முறை

தேநீரைச் சுவைத்து ஒப்பிடுவதற்குப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1980ஆம் ஆண்டிலேயே ஒரு முறையை வகுத்து வெளியிட்டது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடியிட்டு 6 நிமிடம் ஊறல் என்பதே அதன் சாரம். அன்றாடம் குடிப்பதற்கு இது மிகுந்த கடுப்பாக இருக்கும். குறைநிறைகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு ஊறல். வீட்டில் குடிக்கும் தேநீருக்கு மூன்று அல்லது நான்கு நிமிடம் போதும்.

வெண்ணிறப் பீங்கான் கிண்ணங்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே தேயிலை, ஒரே அளவு, ஒரே நேரம். தேக்கரண்டியைத் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழ 2 கிராம் வரும். முதல் கிண்ணத்தில் தேயிலை மட்டும். இரண்டாவதில் அப்போதே நசுக்கிய ஏலக்காய் ஒன்று. மூன்றாவதில் தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு. முதற்சுற்றில் பாலும் சீனியும் வேண்டா.

தண்ணீரையும் கவனியுங்கள். நம் மாவட்டத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகள் பல. கடினநீரில் போட்ட தேநீரின் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை படரும். "தேயிலை சரியில்லை" என்று நாம் குறை கூறும் சில வேளைகளில் குற்றம் தண்ணீருடையதாக இருக்கலாம். ஒருமுறை ஆழ்குழாய் நீரிலும் ஒருமுறை காவிரிக் குடிநீரிலும் அதே தேயிலையைப் போட்டு ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

வடித்தபின் ஆறவிடுங்கள். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களைப் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்க விழுங்குவது வீரமன்று. மிதமான சூட்டில்தான் நாக்கும் நன்கு சுவை அறியும்.

முதலில் முகர்ந்து பாருங்கள். பின்னர் ஒரு தேக்கரண்டியளவு எடுத்து, காற்றோடு சேர்த்துச் சற்று ஒலியெழ உறிஞ்சுங்கள். விருந்தில் இது நாகரிகக் குறைவாகத் தோன்றலாம். ஆயினும் தேயிலை ஏல மையங்களில் தரம் பார்ப்போர் செய்வதும் இதுவே. காற்று கலந்தால் மணம் மூக்கை எளிதில் அடையும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இடையே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள்.

ஒரு குறிப்பேட்டில் ஐந்து தலைப்புகளில், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுங்கள்: மணம், திடம், துவர்ப்பின் இதம், கசப்பின்மை, விழுங்கியபின் நிற்கும் பின்சுவை. குடும்பத்தார் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதிப் பின்னர் ஒப்பிடுவது நல்லது.

சீனியைக் குறைக்க ஒரு சோதனை

இப்பாடத்தின் உயிர்ப்பகுதி இதுதான். வீட்டில் ஒருவர் தேநீர் கலக்கட்டும். மூன்று கிண்ணங்களுள் இரண்டில் வழக்கமான சீனி, ஒன்றில் கால் பங்கு குறைந்த சீனி. மூன்றிலும் ஒரே அளவு ஏலக்காய். எது எது என்னும் அடையாளம் கிண்ணத்தின் அடியில் மட்டும் இருக்கட்டும். சுவைப்பவர் மூன்றிலும் ஒவ்வொரு தேக்கரண்டி பருகி, மாறுபட்ட கிண்ணம் எது என்று சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக அமைந்துவிடும். ஆகவே வெவ்வேறு நாள்களில் ஐந்தாறு முறை செய்து பாருங்கள். பெரும்பாலும் தவறினால், அந்தக் கால் பங்கு சீனி உங்களுக்கு எந்த இன்பமும் தரவில்லை என்பதே பொருள். அதை அன்றே விட்டுவிடலாம். சில வாரங்கள் கழித்து அடுத்த கால் பங்கைச் சோதியுங்கள். குறைந்த இனிப்புக்கு நாக்கு பழகிக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நான்கு தம்ளர் என்றால் 40 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நலம் பயக்கும் என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அந்த அளவைத் தேநீர் மட்டுமே கடந்துவிடுகிறது. தம்ளருக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாளைக்கு 10 கிராம், மாதத்துக்கு 300 கிராம் சீனி உடலுக்குள் செல்லாது.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவை சீனிக்கு மாற்று என்று நம்பவேண்டா. அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. இன்னொன்றையும் மறவாதீர்கள். இன்சுலின் போடுபவருக்கோ மாத்திரை உண்பவருக்கோ வியர்வை, நடுக்கம், படபடப்புத் தோன்றி இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், அது சுவைச் சோதனைக்குரிய நேரமன்று. தேநீர் கொதிக்கும்வரை காத்திராமல், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். மயங்கியவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மணத்தை வீட்டிலேயே சேர்த்தல்

கடையில் விற்கும் வாசனைத் தேநீர்ப் பொடியை வாங்கினால் உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிக எடையுள்ள பொருளே முதலில் அச்சிடப்படும். உடனடித் தேநீர்ப் பொடிகள் சிலவற்றில் முதற்பெயராகச் சீனியே நிற்கும். அதனினும் வீட்டில் மணம் சேர்ப்பது எளிது, மலிவு.

ஏலக்காயின் மணம் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது. நசுக்கி வைத்தால் போய்விடும், நெடுநேரம் கொதித்தாலும் போய்விடும். இறக்கும் வேளையில் இட்டு மூடிவையுங்கள். துளசி, புதினா, எலுமிச்சைப்புல் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இஞ்சியை மட்டும் தண்ணீரில் முதலிலேயே கொதிக்கவிடலாம். பச்சை இஞ்சியிலுள்ள நொதி பாலைத் திரிக்கும். இஞ்சி நன்கு கொதித்தபின் பால் ஊற்றுங்கள்.

சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் இரவில் மலரும் மல்லிகை மொட்டுகளைத் தேயிலையோடு அடுக்கி வைத்து, மணம் ஏறியபின் பூவை நீக்குவர். அதற்குப் பயன்படுவது நம் குண்டுமல்லி இனமே. கீரமங்கலம் பக்கத்துப் பூக்களின் மணத்தை நாம் அறிவோம். ஆயினும் தலையில் சூட விற்கும் பூவில் பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும். அதைத் தேநீருக்குப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் மருந்து தெளிக்காமல் வளர்த்த செடி இருந்தால், மாலையில் பறித்த மொட்டுகளை ஒரு நாள் தேவைக்குரிய தேயிலையோடு மூடிய டப்பாவில் இரவு வைத்து, காலையில் பூவை எடுத்துவிட்டு அன்றே பயன்படுத்துங்கள். வைத்திருந்தால் பூவின் ஈரத்தால் தேயிலை பூஞ்சை பிடிக்கும்.

தேயிலையில் சாயக் கலப்பு உண்டா என்று அறிய, வெள்ளை வடிதாளில் சிறிது தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பின்னர் தூளை அகற்றித் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் சேர்த்த தூள் தாளில் உடனே கறையாகப் படியும்.

யாருக்கு எது ஆகாது?

இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் தவறாமல் உண்டும் இரத்த அளவு உயராத தாய் ஒருவர் என்னிடம் வந்தார். மாத்திரையை எதனோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டபோது, "டீயோடுதான் டாக்டர், அப்போதுதான் குமட்டாது" என்றார். தேநீரின் பாலிபீனால்கள் தாவர உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்து, உடல் ஏற்காதவாறு செய்துவிடும். அவருக்கு நான் புதிய மருந்து எழுதவில்லை. மாத்திரையின் நேரத்தை மட்டுமே மாற்றினேன். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு ஏறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதலும், உணவுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தேநீரைத் தவிர்க்கச் சொல்கிறது. கருவுற்றோரும் வளரிளம் பெண்களும் இதை மனத்தில் இருத்தவேண்டும். தைராய்டு மாத்திரையையும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, தேநீருக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அதிமதுரம் இனிப்பதால், சீனிக்கு மாற்றாக அதைத் தேநீரில் இடுவோர் உண்டு. தொடர்ந்து உட்கொண்டால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவரும் நீர்பிரியும் மாத்திரை உண்பவரும் அதைத் தவிர்க்க வேண்டும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் லவங்கப்பட்டை வகையில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. மணத்துக்கு ஒரு சிறு துண்டு தீங்கன்று; மருந்தென்று கருதி நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உண்பது கல்லீரலுக்கு ஆகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் எந்த மூலிகைத் தேநீரையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவேண்டா.

செம்பருத்தித் தேநீர் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாக வந்த ஆய்வுகள், புளிச்சக்கீரையின் உறவான சிவப்புப் புளிச்சை வகையைப் பற்றியவை. நம் வீட்டுச் செம்பருத்தி வேறு இனம். எதுவாயினும் அழுத்த மாத்திரைக்கு அது மாற்றாகாது.

சிறுநீரகம் பழுதுற்று நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர், தேநீரையும் அந்த அளவுக்குள் கணக்கிட வேண்டும். சிறுநீரகக் கற்கள் உள்ளவர் கடுந்தேநீரைக் குறைக்க வேண்டும். அதில் ஆக்சலேட்டு உள்ளது.

குறிப்பேட்டின் இன்னொரு பயன்

மெட்ஃபார்மின் உண்போர் சிலருக்கு வாயில் உலோகச்சுவை தோன்றும். புற்றுநோய்ச் சிகிச்சையிலும் சிறுநீரக நோயிலும் சுவை மாறலாம். சளி பிடித்தால் மணம் தற்காலிகமாக மங்கும். ஆனால் சளி ஏதுமின்றி, வீட்டார் எல்லோரும் உணரும் ஏலக்காய் மணத்தை உங்களால் மட்டும் பல வாரங்களாக உணர முடியவில்லை என்றால் அதைப் புறக்கணிக்காதீர்கள். மூக்கின் நோய்களோடு, நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய்களின் தொடக்கத்திலும் மோப்பம் குறைவதுண்டு. சமைப்பவருக்கு மோப்பம் குன்றினால் எரிவாயுக் கசிவும் தெரியாமற் போகும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அந்தத் தேநீர்க் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். எந்நாளில் எவ்வளவு சீனி, எந்த மணம், மாத்திரை எந்நேரம் என்னும் விவரங்கள் அதில் இருந்தால் சிகிச்சையைத் திருத்த எங்களுக்கு உதவும்.