பனிப்பாதையில் மோட்டார் வண்டியின் நிலைத்தன்மை: பின்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டின் பங்கு

மோட்டார் வண்டியொன்று வளைவில் திரும்பும்போது அதன் உடற்பகுதி வளைவின் வெளிப்புறமாகச் சாய்வதை யாவரும் கண்டிருப்பர். இச்சாய்வைக் குறைக்கும் பொருட்டு அமைக்கப்படும் எஃகுத் தண்டே சாய்வுத் தடுப்புத் தண்டு ஆகும். பட்டறைகளில் இதனை ஸ்டெபிலைசர் பார் என்றும், ஆன்டி ரோல் பார் என்றும் வழங்குவர். சமவெளிச் சாலைகளில் இத்தண்டு ஓட்டுநரின் கவனத்திற்கு வருவதே இல்லை. ஆனால், இமயமலைப் பகுதிகளில் குளிர்காலத்தில் பணியாற்றும் களப்பணியாளர்க்கு இதன் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ரோதாங் கணவாய் 3,978 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அது பனியால் மூடப்பட்டுவிடும். 2020 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், மணாலியிலிருந்து லாஹூல் பள்ளத்தாக்கிற்குக் குளிர்காலத்திலும் வண்டிகள் செல்ல வழி ஏற்பட்டது. இதனால், முன்னர்ப் பனிக்காலப் பயணத்தை அறியாத சாதாரணக் கார்களும் உறைந்த சாலைகளை எதிர்கொள்ளலாயின. பின்புறத்தில் தடித்த தண்டைப் பொருத்தினால் வண்டி நன்கு திரும்பும் என்று ஒரு சாராரும், குளிர்காலத்தில் அத்தண்டைக் கழற்றிவிடுவதே நலம் என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இவ்விரு கூற்றுகளிலும் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டின் அமைப்பும் தொழிலும்

இத்தண்டு பெரும்பாலும் 'ப' வடிவில் வளைக்கப்பட்டிருக்கும். அதன் நடுப்பகுதி வண்டியின் குறுக்கே அமைந்து, ரப்பர் புஷ்களின் வாயிலாக உடற்பகுதியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் இணைப்புக் கோல்களின் மூலம் இடப்பக்க, வலப்பக்கச் சக்கரங்களின் சஸ்பென்ஷன் அமைப்புடன் சேர்க்கப்பட்டிருக்கும். இரு சக்கரங்களும் ஒரே அளவில் மேலெழுந்தால் தண்டு புஷ்களுக்குள் தடையின்றிச் சுழலும். எவ்வித விசையையும் அது உண்டாக்காது. ஒரு சக்கரம் உயர்ந்து மற்றது தாழ்ந்தால் மட்டுமே தண்டு முறுக்கப்பட்டு, அம்முறுக்கத்தை எதிர்க்கும்.

தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 16 மி.மீ. தண்டுக்குப் பதிலாக 18 மி.மீ. தண்டு பொருத்தப்பட்டால், விட்டம் எட்டில் ஒரு பங்கே கூடுகிறது. ஆயினும் விறைப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. 20 மி.மீ. தண்டானால் விறைப்பு 2.4 மடங்கிற்கும் மேலாகும். ஆதலின், கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் மாற்றம் வண்டியின் நடத்தையில் பெரிதாக வெளிப்படுகிறது.

முன்சக்கரங்களால் இயங்கும் சிறு கார்கள் பலவற்றில் பின்புறத் தண்டு தனியாகத் தென்படாது. இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குக் குறுக்குச் சட்டமே அவ்வேலையைச் செய்கிறது. எனவே, தண்டு தென்படவில்லை என்பதால் அதன் விளைவும் இல்லை எனக் கருதலாகாது.

பளு இடமாற்றம்

வளைவில் திரும்பும் வண்டியின் உட்பக்கச் சக்கரங்கள் பளுவை இழக்கின்றன. வெளிப்பக்கச் சக்கரங்கள் அதே அளவு பளுவைப் பெறுகின்றன. இம்மாற்றத்தின் மொத்த அளவு, வண்டியின் எடை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகியவற்றைப் பெருக்கி, இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தால் வகுத்தால் கிடைக்கும். தண்டு எத்தகையதாயினும் இம்மொத்த அளவு அநேகமாக மாறுவதில்லை என்பது இங்கு உன்னிப்பாக நோக்கத்தக்கது. முன் அச்சு எவ்வளவு ஏற்பது, பின் அச்சு எவ்வளவு ஏற்பது என்னும் பங்கீட்டை மட்டுமே தண்டு மாற்றுகிறது. பின்புறத் தண்டின் விறைப்பு கூடினால் பின் அச்சின் பங்கு கூடும்; முன் அச்சின் பங்கு குறையும்.

இப்பங்கீடு ஏன் முக்கியமாகிறது? டயரின் பிடிப்பு அதன்மேலுள்ள பளுவுக்குச் சரிவிகிதத்தில் வளர்வதில்லை. பளு கூடக் கூட உராய்வுக் குணகம் சற்றே குறைகிறது. விளக்கத்திற்காக எளிய எண்களைக் கொள்வோம். பின்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 200 கிலோ பளுவும், அப்போது உராய்வுக் குணகம் 0.90 உம் இருப்பின், இரு சக்கரங்களின் மொத்தப் பிடிப்பு 360 கிலோ ஆகும். 50 கிலோ இடம் மாறி, பளு 250, 150 ஆகும்போது குணகங்கள் முறையே 0.85, 0.95 என்றால், மொத்தப் பிடிப்பு 355 கிலோ ஆகிறது. 100 கிலோ இடம் மாறி, பளு 300, 100 ஆகும்போது குணகங்கள் 0.80, 1.00 என்றால், அது 340 கிலோவாகக் குறைகிறது. இடமாற்றம் இருமடங்காகும்போது இழப்பு 5 கிலோவிலிருந்து 20 கிலோவாக, அதாவது நான்கு மடங்காக வளர்வதைக் காண்க.

ஆகவே, எந்த அச்சு அதிகப் பளு இடமாற்றத்தை ஏற்கிறதோ அந்த அச்சு தன் பிடிப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. முன் அச்சு முதலில் வழுக்கினால் வண்டி ஸ்டீயரிங் காட்டும் திசையில் முழுதும் திரும்பாமல் வெளிப்புறமாகச் செல்லும். இது குறைதிருப்பம் எனப்படும். பின் அச்சு முதலில் வழுக்கினால் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்பட்டு, வண்டி தேவைக்கு மேல் திரும்பும். இது மிகைதிருப்பம் எனப்படும். சாதாரண ஓட்டுநர்க்கு முன்னதைச் சமாளிப்பது எளிது. பின்னது அவரைத் திகைக்க வைக்கும். இக்காரணம் பற்றியே உற்பத்தியாளர்கள் கார்களைச் சிறிதளவு குறைதிருப்பம் உடையனவாக வடிவமைக்கின்றனர். தடித்த பின்புறத் தண்டு இப்பாதுகாப்பு எல்லையைக் குறுக்கிவிடுகிறது.

பனியில் நிகழ்வது யாது?

உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.8 ஆகும். இறுகிய பனியில் அது 0.2 அளவிலும், பனிக்கட்டியில் 0.1 அளவிலும் இருக்கும். வெப்பநிலை 0 பாகையை நெருங்கும்போது பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாவதால், கடுங்குளிரில் இருப்பதைவிட அது மேலும் வழுக்கும்.

1,000 கிலோ எடையும், 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், 140 செ.மீ. சக்கர அகலமும் உள்ள வண்டியைக் கருதுக. உலர்ந்த சாலையில் அது எல்லை வேகத்தில் திரும்பும்போது இடம் மாறும் பளு ஏறத்தாழ 314 கிலோ. இறுகிய பனியில் அது 79 கிலோ. பனிக்கட்டியில் 39 கிலோ மட்டுமே. பனிக்கட்டியின் மீது வண்டி சாய்வதற்கு முன்பே வழுக்கிவிடுகிறது. சாய்வு இல்லையெனில் தண்டில் முறுக்கமும் இல்லை. எனவே, வழவழப்பான, சமமான பனிப்பரப்பில் ஒரே சீராகத் திரும்பும் வண்டிக்குப் பின்புறத் தண்டால் விளையும் நன்மையும் தீமையும் மிகச் சிறியனவே. இது பலரும் எதிர்பாராத முடிவாகும்.

ஆயின் மலைச்சாலை வழவழப்பாகவும் சமமாகவும் இருப்பதில்லை. இடர் வரும் வழிகள் மூன்று.

முதலாவது, உறைந்த சக்கரத்தடங்கள். பகலில் இளகிய பனியில் பதிந்த தடங்கள் இரவில் கல்லைப்போல் இறுகுகின்றன. ஒரு பின்சக்கரம் அத்தகைய மேட்டில் ஏறும்போது, தண்டு மறுபக்கச் சக்கரத்தையும் உயர்த்த முயன்று, அதன் பளுவைக் குறைக்கிறது. இரு முனைகளுக்கிடையே 1 மி.மீ. வேறுபாட்டிற்குத் தண்டு 1 கிலோ பளுவை மாற்றுவதாகக் கொண்டால், 40 மி.மீ. மேட்டில் 40 கிலோ இடம் மாறும். தண்டு 18 மி.மீ. உடையதாக மாற்றப்பட்டிருப்பின் அது 64 கிலோவாகும். பனிக்கட்டியில் திரும்புவதால் முழு வண்டியிலும் இடம் மாறும் 39 கிலோவுடன் இதனை ஒப்பிட்டு நோக்குக. நேராகச் செல்லும்போதே பின் அச்சு இவ்வாறு பிடிப்பை இழக்கக்கூடும்.

இரண்டாவது, வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் வளைவுகள். வெயில் படும் இடத்தில் சாலை உலர்ந்திருக்கும். பாறையின் நிழலில் கண்ணுக்குப் புலப்படாத கறுப்புப் பனிக்கட்டி படிந்திருக்கும். உலர்ந்த பகுதியில் சாய்வுடன் திரும்பும் வண்டி அந்நிழற்பகுதியைக் கடக்கையில் முன்சக்கரங்கள் முதலில் வழுக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவார். அடுத்த கணம் முன்சக்கரங்கள் உலர்ந்த சாலையில் பிடிப்பைப் பெறும். பின்சக்கரங்களோ அப்போதுதான் பனிக்கட்டியின் மேலிருக்கும். பின் அச்சின் பிடிப்பு ஏற்கெனவே குறைவாக அமைந்த வண்டி இந்நிலையில் சுழன்றுவிடும்.

மூன்றாவது, வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விடுதல். அப்போது பளு முன்னோக்கி நகர்ந்து பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இறக்கத்தில் இவ்விளைவு மேலும் கூடுகிறது.

இயங்கு சக்கரங்களைப் பொறுத்த வேறுபாடு

பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியில் தடித்த பின்புறத் தண்டு, வளைவில் உட்பக்கப் பின்சக்கரத்தின் பளுவைக் குறைக்கிறது. சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே அளிப்பதால், ஒரு சக்கரம் வீணே சுழலத் தொடங்கினால் மற்றதும் வண்டியைத் தள்ள இயலாது. ஏற்றமான கொண்டையூசி வளைவில் வண்டி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்சக்கரங்களால் இயங்கும் வண்டியிலோ நிலைமை மாறுபடுகிறது. பின் அச்சு அதிக இடமாற்றத்தை ஏற்பதால் உட்பக்க முன்சக்கரம் தரையை நன்கு அழுத்தி, வண்டியை இழுக்கிறது. தடித்த தண்டை ஆதரிப்போர் கண்ட நன்மை இதுவே. அது மெய்யான நன்மைதான். ஆனால் ஏற்றத்தில் பெற்ற அந்நன்மைக்கு இறக்கத்தில் விலை கொடுக்க நேரும்.

தண்டைக் கழற்றிவிடுதலும் தக்க தீர்வன்று. கழற்றினால் உறைந்த தடங்களில் பின்சக்கரங்கள் தரையை நன்கு தழுவும் என்பது உண்மையே. ஆயினும் அதே பயணத்தின் உலர்ந்த பகுதிகளில் சாய்வு மிகும். முன் அச்சின் பங்கு கூடி, வண்டி திரும்ப மறுக்கும். மேலும், இக்காலக் கார்களில் உள்ள மின்னணு நிலைப்படுத்தும் சாதனம் தொழிற்சாலையில் அமைந்த தண்டையும் டயரையும் கணக்கிற்கொண்டே சீரமைக்கப்பட்டுள்ளது.

டயரும் சங்கிலியும்

தண்டு உண்டாக்கும் வேறுபாட்டைவிட டயர் உண்டாக்கும் வேறுபாடு பன்மடங்கு பெரிது. முன்சக்கரங்களில் மட்டும் புதிய டயர்களையோ பனிக்கால டயர்களையோ பொருத்தி, பின்புறத்தில் தேய்ந்தவற்றை விட்டுவைத்தால், மிகத் தடித்த பின்புறத் தண்டைப் பொருத்தியதைக் காட்டிலும் கொடிய மிகைதிருப்பம் விளையும். நான்கு டயர்களும் ஒரே வகையினவாக இருத்தல் வேண்டும்.

முன்சக்கரங்களால் இயங்கும் காரில் பனிச்சங்கிலி முன்சக்கரங்களிலேயே கட்டப்படுகிறது. அதனால் ஏற்றம் எளிதாகும். ஆனால் இறக்கத்தில் பிடிப்புள்ள முன்பகுதியைப் பிடிப்பற்ற பின்பகுதி முந்த முயலும். சங்கிலி கட்டியதால் வந்த துணிவு இங்கு ஆபத்தாக முடியும்.

வேகத்தின் ஆற்றல்

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கு பிடித்தபின் உலர்ந்த சமதளச் சாலையில் சுமார் 8 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 31 மீட்டரும், பனிக்கட்டியில் 63 மீட்டரும் தேவைப்படும். 30 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவின் எல்லை வேகம் உலர்ந்த சாலையில் மணிக்கு 55 கி.மீ.; இறுகிய பனியில் 28 கி.மீ.; பனிக்கட்டியில் 20 கி.மீ.க்கும் குறைவு. எந்தத் தண்டும் இவ்வெண்களைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவல்லதன்று.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட தண்டை மாற்றாமலும் கழற்றாமலும் இருத்தல்.

2. குளிர்காலத்திற்கு முன் ரப்பர் புஷ்களையும் இணைப்புக் கோல்களையும் சோதித்தல். மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்னும் ஒலி கேட்டால் அவை தேய்ந்துள்ளன என்று ஐயுறலாம்.

3. வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்தல். வளைவின் நடுவே பிரேக்கையோ ஆக்ஸிலரேட்டரையோ திடீரென மாற்றாதிருத்தல்.

4. முன்பகுதி வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங் திருப்பத்தைச் சற்றுக் குறைத்தல்.

5. பின்பகுதி வழுக்கினால் பிரேக்கை மிதியாமல், பின்பகுதி செல்லும் பக்கமே ஸ்டீயரிங்கை நிதானமாகத் திருப்புதல்.

ஆசிரியர்களுக்கு

தடித்த கம்பியொன்றை 'ப' வடிவில் வளைத்து, அதன் நடுப்பகுதியை ஒரு பலகையில் இரு வளையங்களுக்குள் தளர்வாகப் பொருத்துக. இரு முனைகளையும் சேர்த்து உயர்த்தினால் கம்பி எளிதில் சுழலும். ஒரு முனையை மட்டும் உயர்த்தினால் மறுமுனையும் உடன் எழ முயலும். அம்முனையை மாணவர் ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்தால் முறுக்கத்தின் எதிர்ப்பை நேரில் உணர்வார். அதே கம்பியைவிடத் தடித்த கம்பியில் இச்சோதனையைத் திரும்பச் செய்தால் நான்காம் படி விதியின் வலிமை விளங்கும்.

உராய்வைக் காட்ட, சாய்பலகையின் மேல் ரப்பர்த் துண்டொன்றை வைத்து, அது வழுக்கத் தொடங்கும் கோணத்தை அளந்திடுக. அக்கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பே உராய்வுக் குணகம். தட்டில் உறையவைத்த பனிக்கட்டியின் மேல் இதனையே செய்து இரு மதிப்புகளையும் ஒப்பிடுக.

வினாக்கள்

1. 20 மி.மீ. தண்டை 22 மி.மீ. தண்டாக மாற்றினால் விறைப்பு எத்தனை மடங்காகும்?

2. வழவழப்பான பனிக்கட்டியில் பின்புறத் தண்டின் விளைவு குறைவாகவும், உறைந்த தடங்களில் மிகுதியாகவும் இருப்பது ஏன்?

3. முன்சக்கரங்களில் மட்டும் சங்கிலி கட்டிய கார் இறக்கத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும்? காரணம் கூறுக.