இளையோர் ஹாக்கியும் வேலைவாய்ப்பும்

விளையாட்டுத் துறையின் வளர்ச்சியைப் பதக்கங்களைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. வீராங்கனைகளின் வாழ்க்கைக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் அதன் அளவுகோலாகும்.

2013-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மோன்சன்கிளாட்பாக் நகரில் மகளிர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் இந்திய அணி இங்கிலாந்துடன் 1-1 எனச் சமநிலை கண்டு, பின்னர் ஷூட் அவுட் முறையில் 3-2 என வென்றது. இக்கோப்பையில் இந்திய மகளிர் பெற்ற முதற்பதக்கம் இதுவே. ராணி ராம்பால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார்.

அணித் தலைவியான சுசீலா சானு மணிப்பூரைச் சேர்ந்தவர். மும்பையில் மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர். தாதர், மாட்டுங்கா, குர்லா மக்கள் நாள்தோறும் பயணம் செய்யும் மின்ரயில்களை இயக்குவது இந்த ரயில்வேயே.

இளையோர் ஆட்டம் 21 வயதோடு முடிந்துவிடுகிறது. எளிய குடும்பத்துப் பெண், வருவாயின்றி அதன்பின் ஆட்டத்தைத் தொடர்வது அரிது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் பணி, மாத ஊதியத்தோடு பயிற்சிக்கான விடுப்பையும், ரயில்வே அணியில் ஆடும் வாய்ப்பையும் தருகிறது.

1980-ஆம் ஆண்டு மாஸ்கோவுக்குப் பின், 36 ஆண்டுகள் கழித்து, 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய மகளிர் அணிக்குச் சுசீலாவே தலைமை தாங்கினார். 2021-இல் டோக்கியோவில் ராணியின் தலைமையில் நான்காமிடம் பெற்ற அணியிலும் அவர் இடம்பெற்றார்.

எனவே, பதக்கம் வென்ற பின் பரிசு வழங்குவதோடு அமையாது, இளம் வயதிலேயே பணிப் பாதுகாப்பு அளிப்பதைப் பிற பொதுத்துறை நிறுவனங்களும் மாநில அரசுகளும் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.